தேவனுடைய மகத்துவத்தைத் தியானிப்பது எப்படி: ஒரு சர்வேயரின் குறிப்புகள்

நான் நில அளவை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். சங்கிலி பிடித்து அளந்த காலத்திலும் வேலை பார்த்தேன், செயற்கைக்கோளைத் துணைக்கு வைத்து அளக்கிற கருவிகள் வந்த பிறகும் பார்த்தேன். எந்த நிலமாக இருந்தாலும் அளந்து முடித்துவிடலாம் என்பது மட்டும் மாறவில்லை. பெரிய நிலம் என்றால் நாள் கூடும், அவ்வளவுதான். கடைசியில் வரைபடத்தில் கோடு விழும், பரப்பு எழுதுவோம், கையெழுத்துப் போடுவோம். அதனால்தானோ என்னவோ, 145ஆம் சங்கீதத்தில் “அவருடைய மகத்துவம் ஆராய்ந்து முடியாது” என்று வருகிற இடம் என்னைப் பிடித்து நிறுத்தியது. முடியாது என்று தெரிந்தே தாவீது ஆராய உட்காருகிறார். முடியாது என்பதே அவருக்குச் சந்தோஷமாகவும் இருக்கிறது. அந்தச் சங்கீதம் முழுக்க அந்தச் சந்தோஷம்தான்.

தேவன் பெரியவர் என்று நாம் எல்லாருமே சொல்கிறோம். ஜெபத்தின் முதல் வரியிலேயே சொல்லிவிட்டு, அடுத்த வரியில் விண்ணப்பங்களுக்குப் போய்விடுகிறோம். அந்த முதல் வரியில் கொஞ்ச நேரம் தங்குவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் போதகர் இல்லை, வேதாகமக் கல்லூரியில் படித்தவனும் இல்லை. ஒரு பழக்கத்தை வருஷக்கணக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிற விசுவாசி. அந்தப் பழக்கம் எனக்குக் கொடுத்தது உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஆசை.

வளர்வது எது?

முதலில் இதில் ஒரு தெளிவு வேண்டும். கர்த்தர் நேற்றைவிட இன்று பெரியவர் ஆவதில்லை. “நான் கர்த்தர் நான் மாறாதவர்” என்று மல்கியாவில் அவரே சொல்லியிருக்கிறார். மாறுதலின் நிழல்கூட அவரிடத்தில் இல்லை என்று யாக்கோபு எழுதுகிறார். அப்படியானால் நாளுக்கு நாள் பெரிதாகிறது என்று நாம் சொல்வது எதை? அவரைப் பற்றிய நம் பார்வையை. கூடவே, மனிதர் நடுவே பரவுகிற அவருடைய ஆளுகையையும் சொல்லலாம். அதன் பெருக்கத்துக்கு முடிவில்லை என்று ஏசாயா 9:7 சொல்கிறது.

மோசேயைப் பாருங்கள். ஒருவன் தன் சிநேகிதனோடு பேசுவதுபோல கர்த்தர் அவரோடு முகமுகமாய்ப் பேசினார் என்று யாத்திராகமம் 33:11 சொல்கிறது. எரிகிற முட்செடியைப் பார்த்தவர், கடல் பிளந்ததைப் பார்த்தவர், சீனாய் மலையில் மேகத்துக்குள்ளே நுழைந்தவர். இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? ஆனால் அதே அதிகாரத்தின் 18ஆம் வசனத்தில், “உம்முடைய மகிமையை எனக்குக் காண்பித்தருளும்” என்று கேட்கிறார். இதுவரை பார்த்ததுதான் அவரை இன்னும் கேட்க வைத்தது. நாலாம் நூற்றாண்டில் நீசா பட்டணத்தில் பேராயராக இருந்த கிரகோரி, மோசேயின் வாழ்க்கையை இந்தக் கண்ணோட்டத்தில்தான் விளக்கினார். தேவன் எல்லையில்லாதவர், ஆகையால் அவரை அறிகிற பயணத்துக்கும் எல்லை கிடையாது, நித்தியத்திலும் நாம் அவரில் முன்னேறிக்கொண்டே இருப்போம் என்பது அவருடைய போதனை. பரலோகம் என்றால் எல்லாம் முடிந்துபோய் சும்மா உட்கார்ந்திருக்கிற இடம் என்று பயப்படுகிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வேன்.

மோசேக்குக் கிடைத்த பதிலையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். மகிமையைக் காட்டும் என்று கேட்டவரிடம், என் தயையையெல்லாம் உனக்கு முன்பாகக் கடந்துபோகப்பண்ணுவேன் என்கிறார் கர்த்தர். கேட்டது மகிமை. காட்டுவதாகச் சொன்னது தயை.

உட்காருகிற விதம்

இதில் பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் இருந்தால் நல்லது, கால் மணிதான் கிடைக்கும் என்றால் அதுவும் போதும். போனைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். போனில்தான் வேதம் வாசிப்பீர்கள் என்றால் இந்த ஒரு வேலைக்கு மட்டுமாவது அச்சுப் புத்தகத்தை எடுங்கள். ஒரு நோட்டு, ஒரு பென்சில். ஜன்னல் பக்கம் உட்கார முடிந்தால் இன்னும் நல்லது.

வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் மட்டும் வாசித்தால் தெரிந்த வசனங்கள் வழுக்கிக்கொண்டு போய்விடும். வாய் சொல்லி, காது கேட்கும்போது வேகம் தானாகக் குறையும். தொடங்குமுன், “உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்” என்ற 119ஆம் சங்கீதத்தின் ஜெபத்தை அப்படியே சொல்லுங்கள். சொந்த வார்த்தை தேடி நேரம் போக்க வேண்டாம்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ‘பெரியவர்’ என்று வருகிற வசனங்களைத் தேடித் தேடிப் பட்டியல் போடாதீர்கள். பட்டியல் நீளும், தியானம் நடக்காது. ஒரே ஒரு பகுதியை எடுத்து, அதிகாரம் முழுவதையும் ஒரு தடவை வாசித்து, அதில் ஒரே வசனத்தில் நில்லுங்கள். அந்த வசனத்தை யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னார் என்று கேளுங்கள். தேவனைப் பற்றி அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். பிறகு, அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் நம்மில் பலர் தாண்டிப் போய்விடுகிறோம். என் அனுபவத்தில் புதையல் இருப்பது அங்கேதான்.

ஏசாயா 40: கைப்பிடியும் மடியும்

முதன்முதலாக ஆரம்பிக்கிறவர்கள் ஏசாயா 40ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். என் தொழிலுக்காகவே எழுதின அதிகாரம் மாதிரி எனக்குத் தோன்றும். 12ஆம் வசனத்தில் எத்தனை அளவைகள் வருகின்றன, பாருங்கள்! தண்ணீருக்குக் கைப்பிடி, வானத்துக்குச் சாண், மண்ணுக்கு மரக்கால், பர்வதத்துக்குத் துலாக்கோல், மலைக்குத் தராசு. எல்லாமே ஒரு ஆள் கையால் புழங்குகிற சின்னச் சின்ன அளவைகள்.

இப்போது அதை அவசரப்படாமல் ஒவ்வொன்றாக எடுங்கள். உள்ளங்கையைக் குழித்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உண்மையாகவே செய்து பாருங்கள், நினைத்துப் பார்ப்பது வேறு, செய்வது வேறு. ஒரு மடக்குக்குமேல் நிற்காது. விரலிடுக்கு வழியாக அதுவும் ஒழுகும். பூமியின் கடல்களில் இருக்கிற தண்ணீர் சுமார் 133 கோடி கன கிலோமீட்டர். ஒரு கன கிலோமீட்டர் என்பது ஒரு கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டர் அகலம், ஒரு கிலோமீட்டர் உயரம் உள்ள தொட்டி. நிலத்தில் ஒரு கிலோமீட்டரை நடந்து அளந்த எனக்கு அந்த ஒரு தொட்டியே மலைப்பாக இருக்கிறது. அப்படி 133 கோடி தொட்டி. அதற்கு ஏசாயா சொல்கிற அளவு ஒரு உள்ளங்கை.

வானத்துக்கு வாருங்கள். விரலை விரித்துச் சாண் வையுங்கள். ஒளி ஒரு வினாடியில் ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகிறது. சந்திரனிலிருந்து நம்மிடம் வர அதற்கு ஒன்றேகால் வினாடிக்குச் சற்று அதிகம், சூரியனிலிருந்து எட்டு நிமிஷம் சொச்சம். நாம் இருக்கிற பால்வீதியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏறக்குறைய ஒரு லட்சம் வருஷம். தேவனுக்குக் கை கிடையாது, அவர் ஆவியாயிருக்கிறார் என்பது ஏசாயாவுக்கும் தெரியும். நமக்குப் புரிகிற மொழியில் பேசுகிறார். நாம் அளக்கவே முடியாததை அவர் எவ்வளவு சாதாரணமாக அளக்கிறார் என்பதுதான் விஷயம்.

இங்கே பல பேர் நிறுத்திவிடுகிறார்கள். நான் நிறுத்தாதீர்கள் என்கிறேன். ஒரு வசனம் மேலே போங்கள். 11ஆம் வசனம்: “மேய்ப்பனைப்போலத் தமது மந்தையை மேய்ப்பார், ஆட்டுக்குட்டிகளைத் தமது புயத்தினால் சேர்த்து, தமது மடியிலே சுமந்து, கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்.” குட்டியைச் சேர்த்துப் பிடிக்கிற புயம் இந்த வசனத்தில், கடலை அளக்கிற கைப்பிடி அடுத்த வசனத்தில். நடுவே ஒரு வார்த்தை விளக்கம்கூட இல்லை. இரண்டும் ஒரே ஆளுடைய கை என்பதில் தீர்க்கதரிசிக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

இந்த அதிகாரம் யாருக்காக என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கி.மு. 586இல் எருசலேம் விழுந்தது, ஆலயம் எரிந்தது, ஜனங்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அந்த ஜனங்களைத் தேற்றுவதற்கான வார்த்தைகள் இவை. ஆற்றுங்கள், தேற்றுங்கள் என்றுதான் அதிகாரமே தொடங்குகிறது. ‘என் வழி கர்த்தருக்கு மறைவாயிற்று’ என்று அவர்கள் புலம்புகிறார்கள் என்று 27ஆம் வசனத்தில் தெரிகிறது. அவர் பெரியவர் என்று சொன்னது அவர்களைச் சிறுமைப்படுத்த இல்லை. உங்களைப் பிடித்திருக்கிற கை எது தெரியுமா என்று காட்டத்தான்.

ஆகவே நான் எப்போதும் சொல்கிற முறை இதுதான்: வேதத்தில் தேவனுடைய மகத்துவத்தைச் சொல்கிற வசனம் கண்ணில் பட்டால், அதன் பக்கத்தில் அவருடைய தாழ்மையை அல்லது இரக்கத்தைச் சொல்கிற வசனம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஆச்சரியப்படுகிற அளவுக்கு அடிக்கடி இருக்கும். 147ஆம் சங்கீதத்தில் 3ஆம் வசனம் நொறுங்கின இருதயத்துக்குக் காயம் கட்டுகிறது, 4ஆம் வசனம் நட்சத்திரங்களை எண்ணிப் பேரிட்டு அழைக்கிறது. ஏசாயா 57:15இல் நித்தியவாசி உன்னதத்திலும் குடியிருக்கிறார், நொறுங்குண்டவர்களிடத்திலும் குடியிருக்கிறார், ஒரே வாக்கியத்தில். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்போதுதான் மகத்துவம் மனசுக்குள் வளர ஆரம்பிக்கும். பெரிய அளவை மட்டும் பிடித்துக்கொண்டால் பயம் மிஞ்சும். இரக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டால், அவர் நம் சொல்லுக்குத் தலையாட்டுகிற ஒருவராகச் சுருங்கிவிடுவார்.

நட்சத்திரங்களை எண்ணுவது

வானத்தைப் பார்த்துத் தியானிப்பது வேதம் சொல்லிக்கொடுத்த பழக்கம். ஆதியாகமம் 15:5இல் கர்த்தர் ஆபிராமை வெளியே கூட்டிக்கொண்டுபோய், வானத்தை அண்ணாந்து பார், எண்ண முடிந்தால் எண்ணு என்கிறார். அந்த இரவில் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கக்கூடியவை மிஞ்சிப்போனால் இரண்டாயிரம், மூவாயிரம் நட்சத்திரங்கள். இருட்டான வானத்தில் வெறும் கண்ணுக்கு ஒரே நேரத்தில் அவ்வளவுதான் தெரியும்.

பிறகு 1609இல் கலிலியோ தொலைநோக்கியை வானத்துக்குத் திருப்பினார். வெள்ளைப் புகைபோலத் தெரிந்த பால்வீதி எண்ணற்ற நட்சத்திரங்களின் கூட்டம் என்று கண்டார். 1920களில் எட்வின் ஹப்பிள், ஆந்த்ரோமெடா என்று நாம் சொல்கிற மங்கலான திட்டு நம் பால்வீதிக்கு வெளியே இருக்கிற இன்னொரு நட்சத்திர மண்டலம் என்று நிரூபித்தார். அது சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது என்பது இன்றைய கணக்கு. 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் ஆழ்வெளிப் படம் வந்தது. கையை நீட்டி ஒரு மணலைப் பிடித்தால் அது எவ்வளவு வானத்தை மறைக்குமோ, அவ்வளவு இடத்தில் ஆயிரக்கணக்கான நட்சத்திர மண்டலங்கள். ஆபிரகாமிடம் கர்த்தர் நட்சத்திரத்தோடு கடற்கரை மணலையும் சேர்த்துச் சொன்னது 22ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்த அன்று நான் அந்த வசனத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

‘எண்ணு’ என்ற கட்டளை அன்றும் அதேதான், இன்றும் அதேதான். எண்ண வேண்டியது மட்டும் கூடிக்கொண்டே போகிறது. மகத்துவம் வளர்கிறது என்று நான் சொல்வது இந்த அர்த்தத்தில்தான். விஞ்ஞானம் முன்னேறினால் விசுவாசம் சுருங்கிவிடும் என்று பயப்படுகிற விசுவாசிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். கேம்பிரிட்ஜில் 1874இல் திறக்கப்பட்ட பழைய கேவண்டிஷ் ஆய்வகத்தின் கதவில் 111ஆம் சங்கீதத்தின் 2ஆம் வசனம் லத்தீனில் செதுக்கியிருக்கிறது: கர்த்தருடைய செய்கைகள் பெரியவை, அவற்றில் பிரியப்படுகிறவர்களால் ஆராயப்படுகிறவை. இயற்பியலின் எத்தனையோ பெரிய கண்டுபிடிப்புகள் அந்தக் கட்டடத்துக்குள் நடந்தன.

செய்முறை எளிது. வானம் தெளிவாக இருக்கிற ராத்திரியில் வெளியே போய், 8ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லுங்கள். மனுஷனை நீர் நினைக்கிறதற்கு அவன் எம்மாத்திரம் என்ற இடத்தில் நிறுத்தி, உங்கள் பெயரை அங்கே வைத்துச் சொல்லுங்கள். விளக்கு வெளிச்சத்தால் நட்சத்திரமே தெரியாத இடத்தில் இருக்கிறவர்கள் சந்திரனை மட்டும் பாருங்கள், சங்கீதத்தில் சந்திரனும் இருக்கிறது. ஆனால் எண்களைக் கேட்டு வாய் பிளப்பது தியானம் ஆகாது. எண் எவ்வளவு பெரிதானாலும் அது படைக்கப்பட்டதைப் பற்றியது. “இதோ, இவைகள் அவருடைய கிரியையில் கடைகோடியானவைகள்” என்று யோபு சொன்னாரே, அதைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தைத்தான் பார்த்திருக்கிறோம்.

மனசு ஒத்துழைக்காத நாட்களில்

இதுதான் கஷ்டமான பகுதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் மனைவிக்கு அறுவை சிகிச்சை நடந்த சமயத்தில் ஏசாயா 40 எனக்கு வெறும் எழுத்தாக இருந்தது. அவர் கடலை அளந்தால் எனக்கென்ன என்று ஒரு கசப்பு. அப்போது என்னோடு உட்கார்ந்தது ஆசாபின் 77ஆம் சங்கீதம்.

ஆசாப் என்ன சொல்கிறார், கவனியுங்கள். தேவனை நினைத்தபோது அலறினேன், தியானித்தபோது என் ஆவி தொய்ந்துபோயிற்று என்கிறார். தியானம் செய்தால் உடனே அமைதி வரும் என்று யாராவது சொன்னால் இந்த வசனத்தைக் காட்டுங்கள். அவருக்குத் தூக்கம் வரவில்லை, பேச்சு வரவில்லை. தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ என்றுகூடக் கேட்டுவிடுகிறார். அந்தக் கேள்வியை வேதம் அழிக்காமல் அப்படியே வைத்திருக்கிறது.

பென்சிலை எடுத்து, முதல் பத்து வசனங்களில் ‘நான்’, ‘என்’ என்று வருகிற இடங்களையெல்லாம் வட்டமிடுங்கள். பக்கம் நிறைந்துவிடும். பிறகு 11ஆம் வசனத்திலிருந்து ‘உம்முடைய’, ‘உமது’ என்று வருகிறவற்றை வட்டமிடுங்கள். பாட்டு எங்கே திரும்புகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ‘உன்னதமானவருடைய வலதுகரத்திலுள்ள வருஷங்களை நினைவுகூருவேன்’ என்று முடிவெடுக்கிற இடம் அது. உணர்ச்சி மாறியதால் பார்வை மாறவில்லை. பார்க்கிற இடத்தை மாற்றிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

நில அளவையில் முதல் பாடம் ஒன்று உண்டு: முழுமையிலிருந்து பகுதிக்குப் போ. முதலில் நிலம் முழுவதையும் தாங்குகிற சில புள்ளிகளைத் துல்லியமாக நிறுத்திவிட்டு, அவற்றை வைத்து உள்ளே இருக்கிற சின்ன விவரங்களை அளக்க வேண்டும். ஒரு மூலையில் ஆரம்பித்து அங்கிருந்து ஒட்டி ஒட்டி அளந்துகொண்டு போனால், சின்னப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து கடைசியில் படமே கோணலாகிவிடும். ஆசாபின் முதல் பத்து வசனங்கள் மூலையிலிருந்து அளந்தவை. என் வேதனை இவ்வளவு, ஆகவே தேவன் இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிற கணக்கு. அதற்குப் பிறகு செங்கடலை எடுக்கிறார், அசையாத புள்ளியாக. அங்கிருந்து தன் இரவைப் பார்க்கிறார்.

அவர் பிரச்சினை தீர்ந்ததா? சங்கீதம் சொல்லவில்லை. ‘உமது காலடிகள் தெரியப்படாமற்போயிற்று’ என்கிறார், கடல் வழியாக நடத்தினவரைப் பற்றி. தடம் தெரியவில்லை, ஆனால் நடத்தியிருக்கிறார். அடுத்த வசனத்தில் ஜனங்களை ஆட்டுமந்தையைப்போல நடத்தினீர் என்று சொல்லிச் சட்டென்று முடித்துவிடுகிறார். அந்த நாட்களில் எனக்குப் போதுமானதாக இருந்தது அந்த முடிவுதான். கடலைப் பிளந்த மகத்துவத்துக்குப் பக்கத்தில் இங்கேயும் ஆட்டு மந்தை நிற்கிறது, பாருங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. துக்கத்தில் இருக்கிற இன்னொருவரிடம் போய், தேவன் எவ்வளவு பெரியவர் தெரியுமா, அழாதீர்கள் என்று சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் சொன்ன பல வாக்கியங்கள் கேட்பதற்குச் சரியானவையாகவே இருந்தன. ஆனாலும் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் அவர்களைக் கடிந்துகொண்டார். தேவன் பெரியவர் என்பதைத் துக்கப்படுகிறவர் தாமாக, தம் நேரத்தில் சொல்லட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

துண்டும் பாத்திரமும்

கிறிஸ்தவ விசுவாசத்தில் தேவனுடைய மகத்துவத்தைத் தியானிக்கிறவர் இயேசுவிடம் வந்து சேராமல் போனால் பாதி வழியில் நின்றுவிட்டார் என்றுதான் அர்த்தம். அவருக்குள் எல்லாம் நிலைநிற்கிறது என்று கொலோசெயரில் பவுல் எழுதுகிறார். அதை முழுதாகப் பார்க்க எனக்குப் பிடித்த இடம் யோவான் 13.

3ஆம் வசனத்தை வாசித்து நிறுத்துங்கள். பிதா எல்லாவற்றையும் தம் கையில் ஒப்புக்கொடுத்தார் என்று இயேசு அறிந்திருந்தார் என்கிறது. எல்லாவற்றையும். நட்சத்திரங்களும் 133 கோடி தொட்டி தண்ணீரும் ராஜ்யங்களும் மரணமும் அதில் அடங்கும். எல்லாம் கையில் இருக்கிறவர் அடுத்து என்ன செய்வார் என்று நீங்களே ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். பிறகு 4ஆம் வசனத்துக்குப் போங்கள்.

எழுந்திருக்கிறார். மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைக்கிறார். ஒரு சீலையை எடுக்கிறார். இடுப்பில் கட்டுகிறார். பாத்திரத்தில் தண்ணீர் வார்க்கிறார். யோவான் ஒவ்வொரு அசைவையும் தனித்தனியாக எழுதியிருக்கிறார், அருகில் இருந்து பார்த்தவர் மாதிரி. நீங்களும் அதே வேகத்தில் வாசியுங்கள். தண்ணீர்களைக் கைப்பிடியால் அளந்தவருடைய கை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வார்த்து, நடந்து அழுக்கான கால்களைத் தேய்க்கிறது. காட்டிக்கொடுக்கப் போகிறவனுடைய கால்களும் அதில் உண்டு. யூதாஸ் எழுந்து வெளியே போவது இதற்குப் பிறகுதான், 30ஆம் வசனத்தில்.

மோசே மகிமையைக் கேட்டபோது தயையைக் காட்டுவதாகச் சொன்னாரே, அது இங்கே எவ்வளவு தூரம் வந்திருக்கிறது! தாழ்ந்ததால் அவருடைய மகத்துவம் குறைந்ததாக யோவான் நினைக்கவில்லை. எல்லாம் தம் கையில் இருக்கிறது என்று அறிந்தே எழுந்தார் என்கிறார். அடுத்த நாள் அந்தக் கைகளில் ஆணி அடிக்கப்பட்டது. இந்த இடத்தில் நோட்டில் எழுத வேண்டும் என்றுகூட இல்லை. முழங்காலில் நிற்கத் தோன்றினால் நில்லுங்கள்.

தனியாக மட்டும் செய்யாதீர்கள்

கிறிஸ்துவின் அன்பின் அகலம், நீளம், ஆழம், உயரம் இன்னதென்று உணரும்படி பவுல் எபேசியருக்காக ஜெபிக்கிறார். அகலம், நீளம் என்றதும் என் காது நிமிர்ந்துவிடும். ஆனால் அதற்கு முன்னால் ‘சகல பரிசுத்தவான்களோடுங்கூட’ என்று போட்டிருக்கிறார். ஒரே ஆள் எல்லாப் பக்கமும் நின்று பார்க்க முடியாது.

ஏசாயா 40:11ஐ நான் வாசிக்கும்போது புயத்தைப் பார்ப்பேன். என் மனைவி ‘மெதுவாய்’ என்ற இடத்தில் நிற்பாள். குட்டிகளுக்குப் பால் கொடுக்கிற ஆடு வேகமாக நடக்காது, அதற்காக அவர் வேகத்தைக் குறைக்கிறார் என்பாள். சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த நாட்களில் அவள் அதைச் சொன்னாள். கடலை அளக்கிறவர் ஒரு ஆட்டின் நடைக்குத் தம் நடையைக் குறைக்கிறார் என்பதை நான் தனியாக எத்தனை வருஷம் வாசித்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நட்சத்திரங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்று வாசித்தபோது, “கூப்பிட்டா அது என்ன தாத்தா சொல்லும்?” என்று பேரன் கேட்டான். யோபு 38ஐத் திறந்து காட்டினேன். பூமிக்கு அளவு குறித்தவர் யார், அதின்மேல் நூல் போட்டவர் யார் என்று 5ஆம் வசனத்தில் கர்த்தர் கேட்கிறார். இரண்டு வசனம் தள்ளி, விடியற்காலத்து நட்சத்திரங்கள் ஒன்றாகப் பாடின என்கிறார். “அப்போ பாடும்” என்றான், திருப்தியாகிவிட்டான். எனக்கோ அது பெரிய விஷயமாகிவிட்டது. என் வாழ்நாள் முழுக்க நூல் பிடித்திருக்கிறேன், யாரும் பாடினதில்லை. அவர் நூல் போட்டபோது வானமே பாடியிருக்கிறது.

நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நீளமாக எழுத வேண்டாம். தேதி, வசனம், அவரைப் பற்றி இன்று புதிதாகக் கண்டது ஒரே வரியில், அது போதும். ‘நான் இனிமேல் இப்படி இருக்க வேண்டும்’ என்கிற தீர்மானங்களை அந்த நோட்டில் எழுதாதீர்கள், அதற்கு வேறு இடம் வைத்துக்கொள்ளுங்கள். இது அவரைப் பற்றிய நோட்டு. ஒரு வருஷம் கழித்து அதே பகுதிக்குத் திரும்பி வந்து, பழைய வரியைப் பார்க்காமல் புதிதாக ஒரு வரி எழுதி, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வசனம் அதேதான் இருக்கும். பார்வை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அங்கே தெரியும்.

எந்த வரிசையில் போவது என்று கேட்பவர்களுக்கு: ஏசாயா 40இல் அவசரமில்லாமல் சில வாரம் இருங்கள். பிறகு 113ஆம் சங்கீதம், சின்னதுதான். அதில் 5, 6, 7 வசனங்களைச் சேர்த்து வாசித்தால் நான் சொன்ன பக்கத்து வசனப் பழக்கம் கைவந்துவிடும். அடுத்து 145, அடுத்து யோவான் 13. மனசு பாரமாக இருக்கிற நாளில் வரிசையை விட்டுவிட்டு நேரே 77க்குப் போங்கள். யோபு 38 முதல் 41 வரை கடைசிக்கு வையுங்கள். அதை ஒரே மூச்சில் உரக்க வாசிக்க வேண்டும், குறைந்தது அரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். கூட ஒருவர் இருந்தால் மாற்றி மாற்றி வாசிக்கலாம்.